மடப்பள்ளி எட்டாயிரம் வெள்ளிக்குள்ள எப்படி முடிஞ்சது



ஆடி பிறந்ததில இருந்து கோவிலுக்கு வர்றவங்க சாமி கும்பிட்டுட்டு நேரா பின்பக்கம் போய் மடப்பள்ளியை எட்டிப் பார்க்கறாங்க. பார்த்துட்டு ரெண்டே கேள்விதான். "எவ்வளவு ஆச்சு?" "எந்தக் குத்தகைக்காரர்?" வாட்ஸ்அப் குழுவில ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி மாளலை. அதனால தொண்டர் குழு சார்பா மொத்தமா இங்கேயே எழுதிடறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. உங்க வீட்டு அடுப்படிக்கும் சில விஷயம் உதவும்.

செலவு 7,320 வெள்ளி. குத்தகைக்காரர் யாரும் கிடையாது. கேஸுக்கும் மின்சாரத்துக்கும் மட்டும் லைசன்ஸ் உள்ளவங்களைக் கூப்பிட்டோம். மத்ததெல்லாம் நம்ம ஆளுங்க கை.

கெலாங் பாத்தாவுல ரொம்ப காலமா இருக்கறவங்களுக்குத் தெரியும், நம்ம கோவில் தோட்டத்துக் கோவிலா ஆரம்பிச்சது. சுத்தி இருந்த ரப்பரும் செம்பனையும் போய், ரெண்டாவது பாலம் 1998ல திறந்து, தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் வந்து, ஊரு பேரே இஸ்கண்டார் புத்திரி ஆயிடுச்சு. மடப்பள்ளி மட்டும் பழைய காலத்திலேயே நின்னுபோச்சு. சுவத்துல வெளிர் நீல டைல், சிமெண்டு மேசை, அதுக்கு அடியில தண்ணி குடிச்சு ஊதிப்போன பலகைக் கதவு, மேல புகை படிஞ்சு கருத்த கூரை. அழகுக் குறைச்சல் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை தரையிலதான் இருந்துச்சு.

போன வருஷம் ஆடி வெள்ளியில சமையல் குழு அக்கா ஒருத்தர் ரசப் பாத்திரத்தோட வழுக்கி விழுந்தாங்க. கால்ல கொதிக்கற ரசம். மூணு வாரம் நடக்க முடியலை. அவங்க திரும்பி வந்துட்டாங்க, ஆனா அவங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே எங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு. அதுக்கப்புறம் நடந்த கூட்டத்துலதான் அந்தப் பேச்சு வந்தது: "சமையலை நிறுத்திட்டு கேட்டரிங்குக்குக் கொடுத்துடலாம்."

சொன்னவங்க தப்பா சொல்லலை. நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க. இனி யாருக்கும் அடிபடக்கூடாது, வயசானவங்க எத்தனை நாளைக்கு அண்டா தூக்குவாங்க, எல்லாம் நியாயமான கேள்வி. கணக்கும் போட்டுப் பார்த்தோம். வெள்ளிக்கிழமைக்கு 120 பேர், தட்டுக்கு 7 வெள்ளி வச்சா வாரம் 840. இப்ப அரிசி, பருப்பு, எண்ணெய் பாதிக்கு மேல உபயமா வருது. நாம கைக்காசு போடறது காய்கறிக்கும் கேஸுக்கும்தான். வித்தியாசம் தெரியுது இல்லையா. ஆனா அன்னைக்கு முடிவு கணக்குல வரலை. முப்பது வருஷமா நைவேத்தியம் செய்யற பாட்டி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "கேட்டரிங்காரன் அம்மாளுக்குக் காட்டிட்டா கொண்டு வருவான்?" அதுக்கு மேல யாரும் பேசலை.

வடலூர்ல வள்ளலார் 1867ல ஏத்தி வச்ச அடுப்பு இன்னைக்கும் அணையாம எரியுது. ஸ்ரீரங்கத்துல பெருமாளுக்குத் தினம் புது மண் சட்டியில தளிகை நடக்குது. அவ்வளவு பெரிய இடத்தோட நம்மளை ஒப்பிடலை. ஆனா கோவிலுக்கு அடுப்பு எதுக்குன்னு கேட்டா பதில் அங்கதான் இருக்கு. சாமிக்குப் படைச்சது பிரசாதமா வருது. வாங்கி வச்சது வெறும் சாப்பாடு.

சரி, அடுப்பு இருக்கணும்னா ஆள் விழாத தரையும் இருக்கணும். முழுசா இடிச்சுக் கட்ட விலை கேட்டோம். 46,000 வெள்ளின்னு வந்தது. அந்தக் காசு கும்பாபிஷேக நிதியிலதான் இருக்கு, அதுல கை வைக்கக்கூடாதுன்னு ஏற்கெனவே தீர்மானம். பொருளாளர் அண்ணே யோசிச்சு யோசிச்சு சொன்னார், "எட்டாயிரம் தரேன். அதுக்கு மேல ஒரு சென் கிடையாது. ஆடிக்கு முன்னால முடியலேன்னா கேட்டரிங்தான்." அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைச்ச வரம்.

வைகாசி விசாகம் முடிஞ்சதும் ஆடி பிறக்கறதுக்குள்ள அஞ்சு வாரக் கடைசி இருந்துச்சு. முந்தின பத்து வருஷமா இருந்திருந்தா இது நடந்தே இருக்காது. 2014ல இருந்து ஜொகூர்ல வெள்ளி, சனி லீவு. சிங்கப்பூர்ல வேலை செய்யற நம்ம தம்பிங்களுக்கு சனி, ஞாயிறு. பிள்ளைங்களுக்கு ஒரு நாள், அப்பாவுக்கு வேற நாள். 2025 ஜனவரி 1ல இருந்து ஜொகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிடுச்சு. துவாஸ்ல ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு பாலம் கடந்து நேரா கோவிலுக்கு வந்து ட்ரில் பிடிச்ச தம்பிங்க இருக்காங்க. அவங்க அம்மாக்கள் இதைப் படிச்சா கோவிச்சுக்காதீங்க, சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினோம்.

வேலை தொடங்கறதுக்கு முன்னால பெயிண்ட் கலர் பத்தி பேசறதில்லைன்னு முடிவு பண்ணோம். எங்க பார்த்தாலும் அடுப்படி மாத்தறதுன்னா முதல்ல கலர்லதான் ஆரம்பிக்கறாங்க. நாங்க சமையல் குழு அக்காமாரை நிக்க வச்சு முழங்கை உயரத்தை அளந்தோம். சிரிச்சாங்க, தையல்காரன் மாதிரி அளக்கறீங்களேன்னு. காய் நறுக்கற மேசை முழங்கையில இருந்து நாலஞ்சு அங்குலம் தாழ இருந்தாத்தான் தோளும் முதுகும் வலிக்காது. ஆறு பேர்ல பெரும்பாலானவங்களுக்கு முழங்கை 38 அங்குலத்துல. நம்ம சிமெண்டு மேசை 37. இத்தனை வருஷம் தோளைத் தூக்கித் தூக்கி நறுக்கியிருக்காங்க, ஒருத்தரும் வாய் திறந்து சொன்னதில்லை. அடுப்பு அதுக்கு மேல. 24 அங்குல ஸ்டாண்டு மேல 16 அங்குல அண்டா, வாய் 40 அங்குலத்துல நிக்குது. சாம்பார் கிண்டறதுக்குக் கையை மார்பு வரைக்கும் தூக்கணும். ஸ்டாண்டு காலை கிரைண்டர் வச்சு 15 அங்குலத்துக்கு வெட்டினோம். அரை மணி வேலை, செலவு ஒரு வெட்டுத் தகடு. அஞ்சு வாரத்துல செஞ்ச எல்லாத்துலயும் அக்காமார் அதிகமா வாழ்த்தினது இதைத்தான்.

சிமெண்டு மேசையை இடிக்கலை. அது இப்ப தட்டு, டம்ளர் அடுக்கற இடம். நறுக்கறதுக்கு மூடின ஒரு சாப்பாட்டுக் கடையில இருந்து எவர்சில்வர் மேசை எடுத்து 33 அங்குலத்துக்கு காலைத் திருகி வச்சோம். அதே கடையில ரெண்டு தொட்டி உள்ள ஆழமான சிங்க், புகை ஹூட், எல்லாம் சேர்த்து 1,500 வெள்ளி. புதுசா வாங்கினா மூணு மடங்குக்குக் குறையாது. பழசு வாங்கறதுல ஒரு அக்காவுக்குத் தயக்கம் இருந்துச்சு, அங்க என்ன சமைச்சாங்களோன்னு. நியாயமான கேள்வி. சைவக் கடைதான். இருந்தாலும் குருக்கள் ஐயாகிட்ட கேட்டு, நல்லா தேய்ச்சுக் கழுவி, மஞ்சள் தண்ணி தெளிச்சு, அன்னதான சமையலுக்கு மட்டும் வச்சிருக்கோம். நைவேத்தியம் செய்யற பக்கம் அதுல ஒண்ணும் போகலை.

இடமும் மாத்தலை. மடப்பள்ளி தென்கிழக்குல, அக்னி மூலையில இருக்கு. அங்கேயேதான் இருக்கணும். சிங்க் வசதிக்காக அடுப்பை வடக்குப் பக்கம் தள்ளலாம்னு ஒரு யோசனை வந்து, வந்த வேகத்துல போயிடுச்சு.

கூரை விஷயம் எல்லாரும் கவனமா படிக்கணும், முக்கியமா பழைய வீட்டுல இருக்கறவங்க. மடப்பள்ளி கூரை பழைய சாம்பல் நிற நெளிவுத் தகடு. கருப்பா இருக்கேன்னு தம்பிங்க ஏணி, கம்பி பிரஷ் எல்லாம் எடுத்துட்டாங்க. கட்டுமானப் பாதுகாப்பு வேலையில இருக்கற நம்ம அண்ணே ஒருத்தர் ஓடி வந்து நிறுத்தினார். அந்தக் காலத்துத் தகடு பலதுல அஸ்பெஸ்டாஸ் இருக்கும். சும்மா இருந்தா பெரிய தொந்தரவு இல்லை. சுரண்டினா, ட்ரில் போட்டா, உடைச்சா கண்ணுக்குத் தெரியாத தூசு பறக்கும். அது நுரையீரலுக்குள்ள போனா இருபது முப்பது வருஷம் கழிச்சுக் கூட நோய் வரும். அதனால கூரையில ஒரு ஆணி கூட அடிக்கலை. ஹூட் குழாயைக் கூரை வழியா விடாம, சுவத்துல இருந்த பழைய கண்ணாடி ஜன்னலை எடுத்துட்டு அந்த வழியா வெளியே விட்டோம். மேல பார்த்தா இன்னும் கருப்புதான். அப்படியே இருக்கட்டும். பின்னால நிதி வரும்போது அதுக்குன்னு பயிற்சி உள்ளவங்களை வச்சு மாத்திக்கலாம்.

முதல் வாரக் கடைசி முழுக்கக் கழுவறதுலேயே போச்சு. சுவத்து டைல் மேல இருந்த எண்ணெய்ப் பிசுக்கு கத்தியால சுரண்டற கனம். வெந்நீர், சலவை சோடா, பாத்திரம் கழுவற திரவம், இவ்வளவுதான். பத்து நிமிஷம் ஊற விட்டா பாதி தானா வரும். காஸ்டிக் சோடா வேண்டாம்னு சொல்லிட்டோம், அது கையையும் அலுமினியத்தையும் அரிச்சுடும். குளோராக்ஸையும் டாய்லெட் ஆசிட்டையும் ஒண்ணா ஊத்தறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம், விஷ வாயு வரும்.

சுவர் டைலை உடைக்கலை. நல்லா காய்ஞ்ச பிறகு மெல்லிசா மணல் தாள் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, டைல் பெயிண்ட் ரெண்டு கோட். ஒரு வாரம் தண்ணி படாம விட்டோம், அப்பத்தான் பிடிக்கும். அடுப்புக்குப் பின்னால மட்டும் பெயிண்ட் கிடையாது, பழைய எவர்சில்வர் தகடு. இப்ப எல்லாரும் ஷாப்பியில டைல் ஸ்டிக்கர் வாங்கறாங்க. வீட்டுல சிங்க் பக்கம் சரி. எண்ணெய் காயற அடுப்புப் பக்கம் ஒட்டினா ஓரம் தூக்கிக்கும், பின்னால கரப்பான் குடும்பம் நடத்தும். எங்க கருத்து அவ்வளவுதான், ஒட்டினவங்க கோவிச்சுக்காதீங்க. ஜேபி ராஜகாளியம்மன் கோவில் கண்ணாடியில மின்னுது, நம்ம மடப்பள்ளி பளிச்சுனு வெள்ளையா இருந்தா போதும். அழுக்கு தெரியணும், அதுக்குத்தான் வெள்ளை.

இனி தரை. நிஜமான வேலை இதுதான்.

பழைய தரை டைல் வழவழப்பு. அதுல எண்ணெய்ப் படலம், அதுக்கு மேல சோப்புத் தண்ணி. தினம் மாப் போட்டும் ஏன் வழுக்குதுன்னா, மாப் எண்ணெயை எடுக்கறதில்லை, பரப்பி விடுது. தரையை உடைச்சா குப்பை அள்ளற லோரிக்கே காசு போயிடும். அதனால பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டறதுன்னு முடிவு. ரிட்டையர் ஆன டைல் மேஸ்திரி மாமா ஒருத்தர் நம்ம பக்தர். நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களை வேலை வாங்கினார். முதல்ல ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால ஒவ்வொரு டைலையும் தட்டச் சொன்னார். 'டொக்'னு கேட்டா சரி, 'டப்பு'னு பொள்ளலா கேட்டா அடியில பிடிப்பு இல்லை. அப்படி 19 டைல். அதை மட்டும் பெயர்த்து சிமெண்டு போட்டு அடைச்சோம். அப்புறம் முழுத் தரையையும் கிரைண்டரால சொரசொரப்பாக்கி, தூசு இல்லாம துடைச்சு, டைலுக்கு மேல டைல் ஒட்டறதுக்குன்னே வர்ற பசையைப் பல் கரண்டியால இழுத்து ஒட்டினோம். சாதா சிமெண்டு கலவை வழவழப்பான டைல்ல பிடிக்காது, ஆறு மாசத்துல கழண்டுடும்னு மாமா சொன்னார்.

டைல் வாங்கும்போது அட்டைப் பெட்டியில 'ஆர்' எண்ணைப் பாருங்க. ஆர்9ல இருந்து ஆர்13 வரை இருக்கும், எண் கூடக் கூட பிடிப்பு கூடும். நாங்க எடுத்தது ஆர்11. அதுக்கு மேல போனா துடைப்பத்தையே பிடிச்சுக்கும், கழுவ முடியாது. 18க்கு 14 அடி அறை, உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட்டி 280 சதுர அடி, அடி 3 வெள்ளின்னு 840. இடுக்குல எப்பாக்சி கிரவுட் அடைச்சோம். சிமெண்டு கிரவுட் எண்ணெயைக் குடிச்சு ஒரு மாசத்துல கருத்துடும். எப்பாக்சி விலை கூட, நாலு டப்பா 360. ரெண்டு பாகம் கலந்தா நம்ம ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் இறுகிடும். அதனால சின்னச் சின்னதா கலந்து, ஒருத்தர் அடைக்க, அடுத்தவர் உடனே துடைச்சுக்கிட்டே வரணும். இந்தத் துடைக்கற வேலையை இடைநிலைப்பள்ளிப் பிள்ளைங்க செஞ்சாங்க. ஒரு கறை கூட விடலை.

தரையை ரெண்டு பாதியா பிரிச்சு ரெண்டு வாரத்துல போட்டோம். காரணம் நைவேத்தியம். ஒரு நாள் கூட நிறுத்தக்கூடாதுன்னு பாட்டி கண்டிப்பா சொல்லிட்டாங்க. பாதித் தரை காயும்போது மறு பாதியில அவங்க சர்க்கரைப் பொங்கல் வச்சாங்க. அன்னதானம் மட்டும் அந்த வெள்ளிக்கிழமைகள்ல சுண்டல், பானகம்னு போச்சு. பொறுத்துக்கிட்ட பக்தர்களுக்கு நன்றி.

மேசைக்கு அடியில அலுமினியக் கதவு பத்து, 1,900 வெள்ளி. இருக்கறதுலேயே பெரிய செலவு. சிமெண்டு பொந்து சதுரமா இருக்காது. மேல, நடு, கீழன்னு மூணு இடத்துல அளந்து, சின்ன அளவைத்தான் கடைக்குக் கொடுக்கணும். வீட்டுல பலகைக் கதவு நல்லா இருந்து கீல் மட்டும் தொங்கினா கதவை மாத்த வேண்டாம், கீலை மாத்தினா போதும்.

கேஸும் வயரிங்கும் நாமே செய்யக் கூடாதுன்னு முதல்லயே கோடு போட்டுட்டோம். சமையல் கேஸ் காத்தை விடக் கனமானது. கசிஞ்சா தரையோட படுத்து, கால்வாய்க்குள்ள இறங்கி நிக்கும், வாசனை மூக்குக்கு வர்றதுக்கு முன்னால கூட. ஒரே அறையில விறகடுப்பும் இருக்கும்போது தோம்பை உள்ள வைக்கறது வம்பு. 14 கிலோ தோம்பு ரெண்டும் இப்ப வெளியே கூண்டுக்குள்ள. குழாய், ரெகுலேட்டர் எல்லாம் புதுசு, 750. விளக்கும் ஹூட் காத்தாடி வயரிங்கும் 650. பழைய 36 வாட் ட்யூப் நாலுக்குப் பதிலா 18 வாட் எல்இடி. வெளிச்சம் கூடினதுல ரவையில வண்டு நல்லா தெரியுதுன்னு அக்கா ஒருத்தர் சந்தோஷப்பட்டாங்க.

விறகடுப்பைப் பத்தித்தான் பெரிய வாக்குவாதம். இளைஞர் அணியில பாதிப் பேர் எடுத்துடலாம்னாங்க. புகை, இடம், சாம்பல். தோட்டத்து ஆளுங்க கட்டின அடுப்பு அது, இன்னைக்கு அவங்கள்ல யாரும் இல்லை. பாட்டி வாதாடலை. ஞாயித்துக்கிழமை காலையில களிமண்ணு, மணல், உமி மூணையும் கொண்டு வந்து உட்கார்ந்து பிசைய ஆரம்பிச்சுட்டாங்க. ஏன் சிமெண்டு பூசலைன்னு தம்பி ஒருத்தன் கேட்டான். "சூட்டுக்கு சிமெண்டு வெடிச்சுப் பொரிஞ்சுடும்டா, மண்ணுதான் தாங்கும்" அப்படின்னாங்க. மாமாவும் ஆமான்னார். கொஞ்ச நேரத்துல எடுக்கணும்னு சொன்ன அதே தம்பிங்க முட்டி வரைக்கும் மண்ணோட உட்கார்ந்திருந்தாங்க. பாட்டிக்கு 71 வயசு. மண்ணு பிசையற பதம் இப்ப நாலு பேருக்குத் தெரியும். அடுப்பு இருக்கு, நைவேத்தியத்துக்கு மட்டும். ஹூட் நேர் மேல இருக்கறதால புகையும் அவ்வளவா இல்லை.

மிச்சச் செலவையும் சொல்லிடறோம், நாளைக்குக் கேள்வி வரக்கூடாது. டைல் பசை 168, பெயிண்ட் 380, தண்ணிக் குழாய் 240, சிங்க் அடியில கிரீஸ் ட்ராப் 320, கையுறை, பிரஷ், வெட்டுத் தகடு இத்யாதி 212. ரசீது எல்லாம் அலுவலகத்துல ஃபைல்ல இருக்கு, யாரும் பார்க்கலாம். மீதி 680 வெள்ளி பொருளாளர் அண்ணேகிட்ட திரும்பப் போயிடுச்சு. எண்ணி வாங்கினார், ரெண்டு தடவை.

ஆடி பிறக்கறதுக்கு முன்னால குருக்கள் ஐயா புண்ணியாகவாசனம் செஞ்சு தீர்த்தம் தெளிச்சார். முதல்ல பால் காய்ச்சினது யாருன்னு சிலர் கேட்டீங்க. போன வருஷம் விழுந்த அதே அக்காதான். வெறுங்கால்ல நின்னு, தரையை ரெண்டு தடவை காலால தேய்ச்சுப் பார்த்துட்டுத்தான் அடுப்பைப் பத்த வச்சாங்க. அவங்க வீட்டுக்காரரும் வந்திருந்தார். அவர்தான் இப்ப வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவற குழுவுல புது ஆள்.

இன்னும் குறை இருக்கு. மளிகை வைக்க மூடி போட்ட பெரிய டப்பா எட்டு வேணும். வீட்டுல சும்மா கிடந்தா கொடுங்க, ஆனா அசைவம் வச்ச டப்பா வேண்டாம், கேட்டுத்தான் வாங்குவோம். சமையலுக்கு வர்ற தொண்டர்கள் டைஃபாயிட் ஊசி போட்ட அட்டையின் நகலை அலுவலகத்துல கொடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி சமையல் முடிஞ்சதும் தரையில வெந்நீர் ஊத்தித் தள்ள ரெண்டு ஆம்பளை ஆள் வேணும், சோப்பு போட வேண்டாம். பேர் கொடுக்கறவங்க குழுவில சொல்லுங்க.

அப்புறம், பின்வாசல் பக்கம் செருப்பு விடறவங்க இனி முன்பக்கமே விடுங்க. அங்கதான் இப்ப கேஸ் கூண்டு இருக்கு. தீபம், கற்பூரமும் அந்தப் பக்கம் வேண்டாம்.